கணக்குத் தலைப்பு 2202

2024-25ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் பள்ளிக்கல்வித் துறைக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டது ரூ.44,042 கோடி. அதே ஆண்டில் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்துக்கு (சமக்ர சிக்ஷா) ஒன்றிய அரசு தரவேண்டி, தராமல் நிறுத்திவைத்தது ரூ.2,152 கோடி. வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூட வராது. இந்த ஐந்து ரூபாய்க்கா இவ்வளவு கூச்சல் என்று விவாதங்களில் கேட்பவர்கள் உண்டு. கல்வி அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவர் அப்படிக் கேட்கமாட்டார். மீதித் தொண்ணூற்றைந்து ரூபாயில் கைவைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

பள்ளிக்கல்வித் துறைக்குப் பணம் கேட்டுச் சட்டமன்றத்தில் வைக்கும் மானியக் கோரிக்கை எண் 43ஐப் பிரித்துப் பார்த்தால் செலவின் பெரும்பகுதி 2202 என்ற பெருந்தலைப்பின்கீழ் இருக்கும். பொதுக்கல்வி. அதற்குள் 01 தொடக்கக் கல்வி, 02 இடைநிலைக் கல்வி. அதற்கும் கீழே போனால் ஊதியம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி என்று வரிசையாக வரும். அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கான தொகை 'உதவி மானியம்' என்று எழுதப்பட்டிருக்கும். பெயர்தான் மானியம், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆசிரியர் ஊதியம். இவையெல்லாம் மாதக் கடைசியில் கருவூலத்தில் பட்டியல் வைத்தால் வந்தே தீரவேண்டிய பணம். நிதி நெருக்கடி என்று சொல்லி அரசுகள் சாதாரணமாக நிரந்தர ஆசிரியரின் ஊதியத்தைப் பாதியாக்குவதில்லை. ஆகவே எங்கே துண்டு விழுந்தாலும் அது ஊதியமல்லாத சிறு பகுதியின் தலையில்தான் வந்து விழும். பயிற்சி, பள்ளி மானியம், நூலகத் தொகை, சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியர்கள், போக்குவரத்துப்படி, ஒப்பந்தப் பணியாளர்கள் எல்லாம் அந்தச் சிறு பகுதியில்தான் இருக்கிறார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வியின் பணமும் முக்கியமாக அங்கேதான் போகிறது.

அந்தப் பணம் வரும் வழியைச் சொல்லிவிட்டால் விவாதத்தில் பாதி தெளிந்துவிடும். ஆண்டுத் திட்டமும் மதிப்பீடும் மாநிலத்தில் தயாராகி, டெல்லியில் திட்ட ஒப்புதல் வாரியத்துக்குப் போகும். அடிப்படை, யுடைஸ் என்ற தேசியப் பள்ளித் தகவல் பதிவில் உள்ள மாணவர் எண்ணிக்கை. வாரியம் ஒப்புக்கொண்ட தொகையில் ஒன்றியம் 60, மாநிலம் 40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90, 10. தமிழ்நாட்டுக்கு 2024-25இல் ஒப்புதலான தொகை ரூ.3,586 கோடி, அதில் அறுபது விழுக்காடுதான் அந்த 2,152 கோடி. இதற்கு முன்னோடியான சர்வ சிக்ஷா அபியான் காலத்தில், பத்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தின்போது, இந்த விகிதம் 75-க்கு 25ஆக இருந்தது. பிறகு 65-க்கு 35. 2015-16 முதல் 60-க்கு 40. திட்டத்தின் வழிகாட்டு நெறிகளை டெல்லி எழுதும், சுமை மட்டும் மெல்லத் தெற்கே நகரும். இதைப் பற்றி மேடைகளில் பேசுபவர்கள் குறைவு.

ஒப்புதல் கிடைத்ததும் பணம் மொத்தமாக வராது. 2021 முதல் நடைமுறையில் உள்ள ஒற்றை முகமைக் கணக்கு முறையில் (ஒரு திட்டத்தின் பணம் முழுவதும் மாநிலத்தில் ஒரே முகமையின் கணக்கில் இருக்கும் முறை), ஒரு தவணையில் கால்பங்குக்கு மேல் விடுவிப்பதில்லை. வந்ததில், மாநிலப் பங்கும் சேர்த்து, 75 விழுக்காடு செலவாகியிருந்தால்தான் அடுத்த தவணை. ஒன்றியப் பங்கு வந்த 30 நாளுக்குள் மாநிலம் அதையும் தன் பங்கையும் முகமைக் கணக்கில் போடவேண்டும், தாமதித்தால் வட்டி. பயன்பாட்டுச் சான்றிதழ், தணிக்கை செய்த கணக்கு, முந்தைய ஆண்டின் மிச்சம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பள்ளியின் கணக்கில் பணமே இருக்காது. அது சுழிய இருப்புக் கணக்கு. அதற்கு ஒரு 'லிமிட்', அதாவது செலவு வரம்பு, மட்டும் ஒதுக்கப்படும். தலைமையாசிரியர் விற்பனையாளரின் பெயரைப் பதிந்து, பட்டியலை ஏற்றி, ஒப்புதல் தந்து, அச்செடுத்த தாளை வங்கியில் கொடுத்தால் பணம் நேராக விற்பனையாளருக்குப் போகும்.

முறை நல்லதுதான். பணம் கண்ட இடத்தில் தேங்கி வட்டி தின்பது நின்றது. ஆனால் பிசகுவது எங்கே என்றால், காலத்தில். பள்ளி மானியத்தை எடுத்துக்கொள்வோம். 30 மாணவர் வரை ரூ.10,000, 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். சுண்ணாம்பு, கழிப்பறைத் தூய்மைப் பொருள், மின்விளக்கு, பதிவேடு, சிறு பழுது எல்லாம் இதிலிருந்துதான். பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைக்குச் செலவிட வேண்டும் என்பதும் விதி. இந்த லிமிட் ஜூன் மாதம் வந்தால் தலைமையாசிரியர் மழைக்கு முன் ஓட்டை அடைப்பார். பிப்ரவரியில் வந்தால், செலவழித்தே ஆகவேண்டும் என்பதற்காகத் தேவையற்றதை வாங்குவார். மார்ச் கடைசி வாரத்தில் வந்தால் விற்பனையாளர் பதிவு ஏற்கப்படுவதற்குள் லிமிட் காலாவதியாகிவிடும். மேலே அறிக்கையில் 'விடுவிக்கப்பட்டது' என்றிருக்கும். கீழே பள்ளியில் ஒன்றும் வந்திருக்காது. இரண்டும் உண்மை. சட்டமன்றத்தில் ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு இரு தரப்பும் உரக்கப் பேச முடிவது இதனால்தான்.

எண்ணிக்கை வரம்பு இன்னொரு தொல்லை. 101 பேர் படித்தால் 50,000, ஒருவர் குறைந்தால் 25,000. ஒரு மாணவர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போவதில் பள்ளியின் ஆண்டுத் தொகை பாதியாகும். 101 முதல் 250 வரையுள்ள பள்ளிக்கு 50,000 என்பது 2018இல் திட்டம் தொடங்கியபோது வைத்த தொகை. பெயிண்ட் விலை அப்படியே நின்றுவிடவில்லை.

இனி 2024க்கு வருவோம். பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக்கும் ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ திட்டத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. அதில் புதிய கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கும் நிபந்தனையும் மும்மொழியும் வருகின்றன என்பது மாநிலத்தின் வாதம். கொள்கையை ஏற்காமல் கொள்கையோடு பிணைந்த திட்டப் பணத்தைக் கேட்க முடியாது என்பது ஒன்றியத்தின் வாதம். 2025 மே மாதம் மாநிலம் ஒன்றியத்தின்மீது மாநிலம் நேராக வழக்குத் தொடர வழிசெய்யும் அரசமைப்பின் 131ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் போனது. கேட்டது வட்டியோடு ரூ.2,291 கோடி. கொள்கை பற்றி எவருக்கும் எந்தக் கருத்தும் இருக்கலாம். ஆனால் பிஎம் ஸ்ரீ என்பது தெரிந்தெடுத்த சில பள்ளிகளுக்கான தனித் திட்டம். அதற்குக் கையெழுத்திடாததற்காக அனைத்துப் பள்ளிகளுக்குமான தவணையை நிறுத்துவது கணக்கு முறைப்படியே சரியல்ல. இரண்டும் தனித்தனித் தலைப்புகள்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடங்களும் இதில் சிக்கின. தனியார் பள்ளிக்கு அரசு திருப்பித் தரவேண்டியது, அரசுப் பள்ளியில் ஒரு மாணவருக்கு ஆகும் செலவு அல்லது அந்தப் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. அந்தப் பணத்தின் ஒரு பகுதியும் இதே திட்டத்தின் வழியேதான் வருகிறது. விளைவு, 2025-26க்கான சேர்க்கை வழக்கமான கோடையில் தொடங்காமல் அக்டோபரில் தொடங்கியது. அதற்குள் பிள்ளைகள் எங்கெங்கோ சேர்ந்து கட்டணமும் கட்டிவிட்டார்கள். இதில் மாநிலத்துக்கும் பொறுப்பு உண்டு என்றே சொல்லவேண்டும். சட்டக் கடமை மாநில அரசின்மீதும் இருக்கிறது. பங்கு வரவில்லை என்பது பெற்றோரிடம் சொல்லும் பதிலாகாது.

பங்கு வராவிட்டால் மாநிலமே வரி போட்டு ஈடுகட்டலாமே என்பது அடுத்த கேள்வி. எந்த வரியை? 2025-26 மதிப்பீட்டில் மாநிலத்தின் வருவாய் வரவு ரூ.3,31,569 கோடி, அதில் சொந்த வரி ரூ.2,20,895 கோடி, மூன்றில் இரண்டு பங்கு. அந்தச் சொந்த வரியில் பெரிய துண்டு ஜிஎஸ்டி. அதன் விகிதத்தை மாநிலம் தனியாக மாற்ற முடியாது. ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றியத்தின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது ஒன்றியம் ஒப்பாமல் எதுவும் நகராது. 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் குறைந்தபோது அதில் மாநிலங்களுக்கான பாதி விகிதமும் சேர்ந்தே குறைந்தது. ஜிஎஸ்டியால் மாநிலங்கள் இழந்த வருவாயை ஒன்றியம் ஈடுகட்டிய இழப்பீட்டுக் காலம் 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. மாநிலத்தின் கையில் மிஞ்சியவை பெட்ரோல் டீசல் வரி, மது, பத்திரப்பதிவு, வாகன வரி, மின்சார வரி. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தபோது ஆண்டு இழப்பு ரூ.1,160 கோடி என்று நிதியமைச்சர் சொன்னார். அந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போட்டால், 2,152 கோடிக்கு லிட்டருக்கு ஐந்தரை ரூபாய் ஏற்றவேண்டும். எந்தக் கட்சியும் செய்யாது. செய்வதெல்லாம் வேறு தலைப்பிலிருந்து மறு ஒதுக்கீடு, இல்லையேல் கடன்.

இந்த இடத்தில் உண்மையில் பேசவேண்டியது ஒன்றிய அரசு வரியின்மேல் வசூலிக்கும் கல்வி மேல்வரி (செஸ்) பற்றி. 2004இல் இரண்டு விழுக்காடாகத் தொடங்கி, 2007இல் உயர், இடைநிலைக் கல்விக்கென ஒன்று சேர்ந்து, 2018 முதல் சுகாதாரமும் கல்வியும் என்று நான்கு விழுக்காடாக நிற்கிறது. வருமான வரி கட்டும் எவரும் இதைக் கட்டுகிறார். அரசமைப்பின் 270ஆம் பிரிவுப்படி மேல்வரி மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் தொகுப்பில் சேராது. நிதிக்குழு மாநிலங்களுக்கு 41 விழுக்காடு என்று சொல்வது மேல்வரியைக் கழித்த பிறகான 41. இரண்டாவது மேல்வரிக்கான தனி நிதியத்துக்கு ஒப்புதல் கிடைத்ததே வசூல் தொடங்கிப் பத்தாண்டு கழித்து, 2017இல். மாநிலங்களுக்குப் பகிரும் தொகையில், 13ஆம் நிதிக்குழுவில் 4.969 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு 15ஆம் குழுவில் 4.079. கல்வியின் பெயரால் வசூலித்து, பகிர்வில் சேர்க்காமல், திட்டமாக மாற்றி, நிபந்தனையோடு திருப்பித் தருவது என்ற இந்தச் சுற்று கட்சி எதுவானாலும் தொடர்கிறது.

மாநிலத்துக்குள்ளும் இதுபோல் ஒன்று இருக்கிறது. சொத்துவரி ரசீதைப் பாருங்கள்: கல்வி வரி, நூலக வரி என்று தனித்தனியாக இருக்கும். முதலாவதன் வேர் 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம். இரண்டாவது 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம். வசூலிப்பது உள்ளாட்சி. நூலக வரியை நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தவேண்டும். செலுத்துவதில் நிலுவை விழுவதும், அதைக் கேட்டுக் கடிதம் எழுதுவதும் அலுவலகங்களில் பழகிப்போன காரியம்.

ஒதுக்கீட்டுத் தொகையை ஆண்டுக்காண்டு ஒப்பிடுபவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. 43ஆம் கோரிக்கை மட்டும் கல்விச் செலவல்ல. காலை உணவும் சத்துணவும் சமூகநலத் துறையில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் வேறொரு கோரிக்கையில், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்னொன்றில், கட்டடம் 4202 என்ற மூலதனத் தலைப்பில், ஓய்வூதியம் முற்றிலும் தனியாக. இதில் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்காமல் 'கல்விக்கு இத்தனை விழுக்காடு' என்ற பேச்சை ஏற்கக்கூடாது. அறிவித்த தொகையையும் நம்பக்கூடாது. வரவு செலவுப் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் நேரே முந்தின ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் மதிப்பீடு, அதன் திருத்த மதிப்பீடு, அடுத்த ஆண்டின் மதிப்பீடு என்று நான்கு பத்திகள் இருக்கும். முதல் பத்தியைப் பார்க்கவேண்டும். 2024-25இல் என்ன நடந்தது என்பதற்கான எண் அச்சாவது 2026-27க்கான புத்தகத்தில்.