காலி ஃபிளாட்டில் ஏஐ போட்ட கட்டில்

மேற்கு மாம்பலத்தில் அப்பா 1994-ல் வாங்கிய ஃபிளாட்டை விற்க வேண்டி வந்தது. இரண்டு படுக்கையறை, 840 சதுர அடி, இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, மொசைக் தரை. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்தபின் உள்ளே மிஞ்சியது சீலிங் ஃபேன்கள், ஹால் கூரையில் ஊஞ்சல் கொக்கிகள், உள்அறைக் கூரையின் மூலையில் ஒரு பழுப்புக் கறை. மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து எப்போதோ இறங்கிய தண்ணீர். கசிவைச் சரிசெய்தாகிவிட்டது, கறை மட்டும் போகவில்லை.

புரோக்கர் ஃபோனைச் செங்குத்தாகப் பிடித்து நாலு படம் எடுத்து இணையத்தில் போட்டார். எது ஹால், எது படுக்கையறை என்று எனக்கே குழப்பமாக இருந்தது. காலி அறைக்கு இது ஒரு சாபம். அளவு சொல்ல உள்ளே ஒரு பொருளும் இல்லாததால் இருப்பதைவிடச் சின்னதாகத் தெரியும். ஃபோன் செய்தவர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான்: "டபுள் காட் போட்டா பீரோ வைக்க இடம் இருக்குமா சார்?" இருக்கும் என்று நான் சொல்வேன். விற்கிறவன் வேறென்ன சொல்வான் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேவில் இருக்கும் தங்கைதான் ஏஐ யோசனையைச் சொன்னாள். "இங்க எல்லாரும் இதைத்தான் பண்றாங்க அண்ணா. காலி ரூம் போட்டோவைக் கொடுத்தா ஏஐயே சோபா, கட்டில் எல்லாம் போட்டுக் கொடுத்துடும்." அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் வீட்டை வாடகை சாமான்களால் அலங்கரித்துக் காட்டுவது பல வருடப் பழக்கம். அதற்கென்றே ஆட்கள், கிடங்குகள், லாரிகள் உண்டு. இப்போது அந்த லாரியின் வேலையை ஃபோனே செய்துவிடுகிறது. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "இல்லாத சோபாவை எதுக்குடா இருக்கற மாதிரி காட்டணும்?" அதற்கு அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

முதல் வேலை, படங்களைத் திரும்ப எடுப்பது. இதில் அவசரப்படக் கூடாது என்பேன், ஏனென்றால் மூலப்படம் கோணலாக இருந்தால் ஏஐ அந்தக் கோணலுக்கு ஏற்பக் கட்டிலையும் சரிக்கும். காலை வெயில் நேராக உள்ளே விழாமல் வெளிச்சம் மட்டும் வரும் நேரமாகப் பார்த்துப் போனேன். ஃபோனைக் குறுக்காகப் பிடித்து, நெஞ்சு உயரத்தில், வாசல் மூலையில் நின்று எதிர்மூலையை நோக்கி எடுத்தேன். ஃபோனில் அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸைத் தொடவில்லை. அதில் பத்தடி அறை கல்யாண மண்டபம் ஆகிவிடும், ஓரத்தில் இருக்கும் கதவு இழுத்துக்கொண்டு நிற்கும். கதவு ஓரமும் சுவர் மூலையும் படத்தில் நிமிர்ந்து இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கூடவே டேப் வைத்து ஒவ்வொரு சுவரையும் அளந்து, ஜன்னல், கதவு, ஸ்விட்ச் போர்டு எங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் வரைந்துகொண்டேன். இந்தத் தாள் பின்னால் எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது.

அப்புறம் ஒரு செயலியில் ஹால் படத்தை ஏற்றி, அழகான வரவேற்பறையாக மாற்று என்று சொன்னேன். அழகாகத்தான் மாற்றியது. மொசைக் தரை மரத்தரை ஆனது. ஃபேன் போய்ச் சரவிளக்கு வந்தது. கிரில் ஜன்னல் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி ஆனது. எங்கள் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். படத்தில் அங்கே பனிமலை இருந்தது. லாஃப்டைக் காணவில்லை. சுவரோரமாக ஒரு கணப்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, சித்திரை மாதத்து மாம்பலத்தில்! படுக்கையறைப் படத்தில் பாத்ரூம் கதவு இருந்த இடத்தில் பெரிய வார்ட்ரோப் நின்றது. குளிக்க வேண்டுமென்றால் துணிகளுக்கு நடுவே புகுந்து போக வேண்டியதுதான்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் வேலை பாதி குறையும். இந்தக் கருவிகள் நம் படத்தின் மேல் சோபாவை ஒட்டுவதில்லை. படத்தைப் பார்த்து, முழுப் படத்தையும் புதிதாக வரைகின்றன. சோபாவை வரையும் அதே கை சுவரையும் ஜன்னலையும் வரைகிறது. அது பார்த்துப் பழகிய 'அழகான வரவேற்பறை' படங்களில் கிரில்லும் லாஃப்டும் அநேகமாக இருந்திருக்காது. அதனால் எதைச் சேர்க்க வேண்டும் என்பதற்கு முன்னால் எதைத் தொடக் கூடாது என்று சொல்ல வேண்டும். நான் கடைசியில் வந்து நின்ற வாசகம் இப்படி: "சுவர், சுவர் நிறம், மொசைக் தரை, ஜன்னல் கிரில், ஜன்னலுக்கு வெளியே தெரிவது, கதவுகள், லாஃப்ட், ஃபேன், ஸ்விட்ச் போர்டு எதையும் மாற்றாதே. கேமரா கோணத்தையும் வெளிச்சத்தையும் மாற்றாதே. நான் சொல்லும் சாமானை மட்டும் சேர்." தமிழிலேயே சொன்னால் புரிந்துகொள்கிறது. இன்னொன்று, திருத்திய படத்தையே மறுபடி திருத்தக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வீடு வேறு வீடாக மாறும். முடிவு பிடிக்கவில்லையென்றால் மூலப்படத்திலிருந்தே திரும்ப ஆரம்பிக்க வேண்டும். மாற்ற வேண்டிய பகுதியை மட்டும் விரலால் வட்டமிடவிடும் செயலிகளும் இருக்கின்றன. அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

இத்தனைக்குப் பிறகும் மாட்டிக்கொண்டது அளவில்தான். உள்அறை 10 அடிக்கு 11 அடி. அதில் 5 அடிக்கு ஆறரை அடி கட்டில் ஒன்று போடச் சொன்னேன். வந்த படத்தில் அறை தாராளமாக இருந்தது, கட்டிலைச் சுற்றி மூன்று பக்கமும் நடக்கலாம், ஒரு சாய்வு நாற்காலிக்கும் இடம். எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் மொசைக் கல் ஒவ்வொன்றும் 10 அங்குலம். 60 அங்குல அகலக் கட்டில் ஆறு கல்லை மறைக்க வேண்டும். படத்தில் எண்ணினால் நாலரைதான் வந்தது. அது டபுள் காட்டே இல்லை, பெரிய பையன் படுத்தால் கால் வெளியே நீட்டும் சைஸ். செயலிக்கு அடிக்கணக்கு தெரியாது, பார்வைக்கு எது அழகோ அதைப் போடுகிறது. அம்மா கேட்டதன் முழு அர்த்தம் எனக்கு இங்கேதான் உறைத்தது. இல்லாத சோபாவைக் காட்டுவதுகூடப் பரவாயில்லை, சோபாதானே. இல்லாத இடத்தைக் காட்டினால் அது வேறு விஷயம்.

இதற்கு ஒரு வழி கிடைத்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். திரும்பவும் ஃபிளாட்டுக்குப் போய், பழைய செய்தித்தாள்களை டேப் போட்டு ஒட்டிச் சரியாக 5 அடிக்கு ஆறரை அடியாகத் தரையில் விரித்தேன். தெற்குச் சுவரை ஒட்டி. வடக்கே தலைவைத்துப் படுக்கமாட்டோம் என்பவர்கள்தான் நம் ஊரில் வாங்க வருவார்கள், படத்திலேயே கட்டிலின் தலைமாடு தெற்கில் இருந்துவிட்டால் ஒரு கேள்வி குறைந்தது. பீரோவுக்கு இன்னொரு விரிப்பு, 4 அடி அகலம், 2 அடி ஆழம். அதை அப்படியே படம் எடுத்து, "தரையில் செய்தித்தாள் இருக்கும் இடத்தை மட்டும் மறைக்கும்படி கட்டில் போடு, தாளுக்கு வெளியே நீளக் கூடாது" என்றேன். இந்த முறை கட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. கல்லை எண்ணினேன், ஆறு. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே கொஞ்சம் ஒருக்களித்துத்தான் போக வேண்டியிருந்தது. உண்மையிலும் அப்படித்தான். படம் முன்னதைவிட அழகு குறைவு, ஆனால் யாராவது டேப்போடு வந்தாலும் பயமில்லை. ஹாலில் சோபா, சாப்பாட்டு மேஜை, சமையலறையில் ஃபிரிட்ஜ் எல்லாம் இதே செய்தித்தாள் உபாயம்தான்.

சில இடங்களில் கைவிட்டேன். இரும்பு பீரோ கேட்டால் ஆஃபீஸ் லாக்கர் மாதிரி ஒன்று வந்தது, அதனால் மரத்துக்கு மாறினேன். பூஜை அலமாரியில் சாமி படம் வைக்கச் சொன்னது வேண்டாத வேலை. கை எண்ணிக்கையும் முகமும் எதனுடனும் சேராத ஒரு தெய்வம் வந்து நின்றது, அம்மா பார்ப்பதற்குள் அழித்தேன். அலமாரி காலியாகவே இருக்கட்டும், எந்தச் சாமி என்பதை வாங்குகிறவர்கள் முடிவு செய்துகொள்வார்கள். ஊஞ்சலையும் சேர்க்கவில்லை. அப்பாவின் தேக்குப் பலகை என் வீட்டில் இருக்கிறது, அது விற்பனைக்கு இல்லை.

கடைசியாக, எல்லாம் முடிந்தது என்று உள்அறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கூரை மூலைக் கறையைக் காணவில்லை. நான் அழிக்கச் சொல்லவில்லை. செயலிக்கு அது அழுக்காகத் தோன்றியிருக்கும், துடைத்துவிட்டது. வக்கீல் நண்பர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். சொத்து மாற்றுச் சட்டம் 1882-ன் 55-ஆம் பிரிவை எடுத்துப் பேசினார். தனக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்கிறவர் சொல்லியாக வேண்டும். "கூரைக் கறை நேர்ல வந்தா தெரியும்தான். ஆனா நீ அழிச்ச போட்டோ ஒண்ணு கையில இருந்தா, வேற எதையெல்லாம் மறைச்சேன்னு கேப்பாங்க இல்ல?" நியாயம். தொடக் கூடாத பட்டியலில் கறையையும் சேர்த்துத் திரும்பப் போட்டேன். செலவு ஒன்றுமில்லை, ஒரு வரிதான்.

அடுத்தது, இது கணினி வேலை என்று எங்கே எப்படிச் சொல்வது. தங்கை சொன்ன தகவல் இதில் உதவியது. கலிஃபோர்னியாவில் ஏபி 723 என்ற சட்டம் 2026 ஜனவரி 1-லிருந்து அமலில் இருக்கிறது. வீட்டு விளம்பரப் படத்தில் டிஜிட்டலாகச் சாமான், தரை, சுவர், வெளிக்காட்சி எதையாவது சேர்த்தாலோ நீக்கினாலோ மாற்றினாலோ, ரியல் எஸ்டேட் உரிமம் பெற்ற ஏஜென்ட் அதைப் படத்தின் மேலோ பக்கத்திலோ எழுத வேண்டும், மாற்றாத மூலப்படத்துக்குச் சுட்டியோ க்யூஆர் கோடோ தர வேண்டும். வெளிச்சம், நிறம் சரிசெய்வது, ஓரம் வெட்டுவது போன்றவை இதில் வராது. நம் ஊரில் தனி ஆள் தன் பழைய ஃபிளாட்டை விற்கும்போது இந்த மாதிரி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் நல்ல ஏற்பாடாகப் பட்டதால் அதையே பின்பற்றினேன். கூகுளின் பட உருவாக்கக் கருவிகள் சிந்த்ஐடி என்ற கண்ணுக்குத் தெரியாத முத்திரையைப் படத்துக்குள்ளேயே பதிக்கின்றன. வாட்ஸ்அப்பில் படம் பார்க்கும் மாமாவுக்குக் கண்ணுக்குத் தெரியாத முத்திரையால் என்ன லாபம்? அதனால் படத்துக்குள்ளேயே, அடி ஓரத்தில் எழுதினேன்: "வீடு காலி. சாமான்கள் கணினியில் சேர்த்தவை, அளவு சரியானது." இதையும் செயலியிடமே விட்டபோது தமிழ் எழுத்து கொம்பும் சுழியுமாக ஏதோ ஒரு மொழியாகிவிட்டது. ஃபோனில் படம் திருத்தும் வசதியிலேயே தட்டச்சு செய்துகொள்ளலாம். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அதே கோணத்தில் காலி அறையின் படம்.

புரோக்கருக்கு இதில் உடன்பாடில்லை. "மார்பிள் போட்ட மாதிரி மாத்துங்க சார், யாரு கேக்கப் போறா? பார்ட்டி படியேறி வரட்டும், மத்ததை நான் பாத்துக்கறேன்." மறுத்தேன். அவர் அடியில் இருந்த எழுத்தை வெட்டிவிட்டு நாலு குரூப்பில் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்து வந்த ஒரு குடும்பம் கதவைத் திறந்ததும், "சோபாலாம் எடுத்துட்டீங்களா?" என்றது. விளக்கினேன். சிரித்துக்கொண்டே கேட்டார்கள், ஆனால் அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவர்கள் நம்பவில்லை. தண்ணீர் வருகிறது என்றதற்குக் குழாயைத் திறந்து பார்த்தார்கள். அன்றைக்கே எழுத்தை ஓரத்திலிருந்து எடுத்துப் படத்தின் நடுவே, தரைக்கு மேல் போட்டேன். வெட்டினால் கட்டிலும் சேர்ந்து போகும்.

பலன் என்ன என்று கேட்டால், விலை ஏறவில்லை. படத்தால் விலை ஏறும் என்பதை நான் நம்பவும் இல்லை. மாறியது வந்த கேள்விகள். கட்டில், பீரோ பற்றிக் கேட்பது நின்றுபோனது. அதற்குப் பதில் யுடிஎஸ் (மனையில் ஃபிளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு, வில்லங்கச் சான்று எந்த வருடத்திலிருந்து போட்டிருக்கிறீர்கள், மூலப் பத்திரம் கையில் இருக்கிறதா, பில்டிங்கை இடித்துக் கட்டும் பேச்சு உண்டா என்று நேராக விஷயத்துக்கு வந்தார்கள். தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022 வந்தபின் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் மறுகட்டுமானம் செய்யலாம் என்பதால், முப்பது வருடக் கட்டடம் என்றாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இதற்கெல்லாம் ஏஐயிடம் பதில் கிடையாது, ஃபைலில்தான் இருக்க வேண்டும். ஆனால் சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்கள் குறைந்து, இரண்டு மாடி ஏறி வருகிறவர்கள் வாங்கும் எண்ணத்தோடு வந்தார்கள். லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு அதுவே பெரிது.

வாங்கியவர்கள் அசோக் நகரில் வாடகைக்கு இருந்த தம்பதி, கூடக் கணவருடைய அம்மா. அந்த அம்மா நேராக உள்அறைக்குப் போய் நிமிர்ந்து கறையைப் பார்த்தார், "இதானா" என்றார், அவ்வளவுதான். மருமகள் டேப் எடுத்துத் தெற்குச் சுவரை அளந்தார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கணக்குக் காட்டிக் கணவர் கொஞ்சம் குறைக்கச் சொன்னார், நானும் கொஞ்சம் இறங்கினேன். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்த அன்றே இணையத்திலிருந்து படங்களை எடுத்துவிட்டேன்.

பத்திரப்பதிவு முடிந்தபின் அந்தக் கணவர் ஃபோன் செய்து, கார்பென்டருக்குக் காட்ட அந்த மர பீரோ படம் வேண்டும் என்றார். அனுப்பினேன். கூடவே, டேப் பிடித்து நான் வரைந்த அந்தத் தாளையும் படமெடுத்து அனுப்பி, கார்பென்டர் இதைப் பார்த்து அளவு எடுக்கட்டும், படத்தில் இருக்கும் கைப்பிடி எந்தக் கடையிலும் கிடைக்காது என்று எழுதினேன்.