பட்டை ஸ்பிரிங் ஊரில் ஒரு ஸ்ட்ரட் மாற்றம்

திருச்செங்கோட்டில் வண்டி ஆட்டம் கொடுக்கிறது என்று வாயைத் திறந்தால் போதும், வைத்தியம் சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். ஊர் முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். சங்ககிரிப் பக்கம் போனால் லாரிகள். நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள். லாரிக்கு ஸ்பிரிங்காக அடுக்கியிருக்கும் வளைந்த இரும்புப் பட்டைகள் பாரம் ஏற்றி ஏற்றி நிமிர்ந்துபோனால், அவற்றைக் கழற்றி, மறுபடி வளைவு கொடுத்து, ஒடிந்ததற்கு வேறொன்று சேர்த்து ஓடவிடுவது இங்கே அன்றாட வேலை. அதனால் என் 2010 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டிக்கு முன்பக்க ஸ்ட்ரட் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஷாக் அப்சார்பர் தூண்), பின்பக்க ஷாக் அப்சார்பர் (ஆட்டத்தை அடக்கும் ஆயில் குழாய்), நான்கு ஸ்பிரிங் எல்லாமே புதிதாக வாங்கப்போகிறேன் என்றதும் பக்கத்துப் பட்டறை அண்ணன் சிரித்துவிட்டார். "ஏனுங்க தம்பி, ஸ்பிரிங் இரும்புதானுங்களே, அதற்கு என்ன கேடு? ஷாக்கில் ஆயில் மாற்றினால் வேலை முடிந்ததுங்க" என்றார்.

லாரிப் பட்டைக்கு அவர் சொல்வது முழுக்கச் சரி. பட்டை அடுக்கைப் பிரிக்கலாம், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம், கெட்டதை மட்டும் மாற்றலாம். கார் ஸ்பிரிங் ஒரே கம்பியில் சுற்றிய சுருள். பதப்படுத்தி, இரும்புக் குண்டுமணி வீசி மேற்பரப்பை இறுக்கி, பெயிண்ட் பூசி வருவது. அதைச் சூடுபடுத்தி இழுத்தால் உயரம் வரும், பதம் போய்விடும். கொஞ்ச நாளில் மறுபடி உட்காரும், அல்லது ஒடியும். சுருளுக்கு நடுவே ரப்பர் வளையம் செருகுவதும் எனக்கு ஒப்பவில்லை. வண்டி நிமிர்ந்தது போலத் தெரியும். ஆனால் அந்த ஒரு சுற்று வேலை செய்யாமல் நின்று, அதன் பங்கையும் மற்றச் சுற்றுகள் சுமக்க வேண்டிவரும். ஷாக் அப்சார்பரைத் துளையிட்டு ஆயில் நிரப்பி வெல்டு வைப்பதும் இதே கதைதான். உள்ளே தேய்ந்த வால்வும் சீலும் அப்படியே இருக்க, ஆயிலை மட்டும் மாற்றி என்ன பயன்?

வண்டி 1,78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஷாக் ஒரே நாளில் சாவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளரத் தளர ஓட்டுகிறவரின் கையும் காலும் அதற்குப் பழகிவிடும். வேகத்தடை ஏறி இறங்கியதும் இரண்டு மூன்று ஆட்டம் ஆடுவது வண்டியின் இயல்பு என்றே நினைத்திருந்தேன். சந்தேகத்தைக் கிளப்பியது டயர். முன் டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. சக்கரம் சாலையில் ஒட்டி உருளாமல் துள்ளித் துள்ளி ஓடியதன் அடையாளம் அது. டார்ச் அடித்துப் பார்த்ததில் இடது ஸ்ட்ரட்டின் குழாய் நெடுக ஆயில் வழிந்து, அதில் செம்மண் அப்பியிருந்தது.

ஸ்பிரிங்கை அளந்து பார்த்தே முடிவு செய்தேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்தேன். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுத்துவிடும். வலது முன்பக்கம் இடதைவிட 12 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. பெரும்பாலும் ஒற்றை ஆளாக ஓட்டிய வண்டி, ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்; ஆட்டத்தை அடக்குவது ஷாக். புது ஷாக் போட்டால் தாழ்ந்த வண்டி உயரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

முன்பக்கம் இருப்பது மாக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மாக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் உருவாக்கிய அமைப்பு இது. ஷாக் அப்சார்பர் குழாயே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் இருப்பதால், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் மேல் ஆர்ம் தேவையில்லை. இடமும் செலவும் மிச்சம். சின்னக் கார்களில் பெரும்பாலும் இதைப் பார்க்கக் காரணம் அதுதான். ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே திரும்பும். அதற்காக உச்சியில் ஒரு பேரிங் உண்டு. வண்டியை நிறுத்தி ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது ஸ்பிரிங் 'டிங்' என்று முறுக்கிக்கொண்டு விடுபட்டால் அந்தப் பேரிங் போய்விட்டது என்று பொருள்.

உதிரி பாகம் வாங்கும்போது ஸ்ட்ரட்டோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஸ்ட்ரட்டின் உச்சியை வண்டியோடு பிணைக்கும் மேல் மவுண்டிங், பேரிங், ஷாக் முழுதாக அழுந்தும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப், தூசி உறை, ஸ்பிரிங் உட்காரும் ரப்பர் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினேன். இவற்றின் விலை அதிகமில்லை. பழையதையே போட்டுப் பிறகு சத்தம் வந்தால் மொத்த வேலையையும் திரும்பச் செய்ய வேண்டும். பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்கும் டீசல் ஸ்விஃப்ட்டுக்கும் முன் ஸ்பிரிங் வேறு வேறு. டீசல் எஞ்சின் எடை கூடியது. ஈரோட்டில் ஒரு கடையில் டீசல் ஸ்பிரிங்கை எடுத்து வைத்து "எல்லாம் ஒன்றுதான்" என்றார்கள். பாகத்தின் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வேலையை என் மச்சானின் ரிக் ஷெட்டில் வைத்துக்கொண்டோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தோம். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஹோஸை ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்து, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியோடு ஸ்ட்ரட்டை இணைக்கும் லிங்க் ராடை எடுத்து, சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிளில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளின் இடத்தை வெள்ளைப் பெயிண்டால் குறித்துக்கொண்டேன். அந்த ஓட்டைகளில் போல்ட் கொஞ்சம் நகர இடம் உண்டு. குறிக்காமல் பூட்டினால் சக்கரத்தின் சாய்வு மாறும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தும் இடப்பக்கக் கீழ் போல்ட் அசையவில்லை. மச்சான் ரிக்குக்கு வைத்திருந்த நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டிய பிறகுதான் வழிக்கு வந்தது.

ஸ்ட்ரட்டை வெளியே எடுத்ததும் வருவது ஆபத்தான கட்டம். அழுந்தியிருக்கும் ஸ்பிரிங்கை உச்சி நட்டு ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே கழற்றினால் மேல் மவுண்டிங் முகத்தில் பாயும். சில இடங்களில் ஸ்பிரிங்கைக் கம்பி போட்டுக் கட்டிக் கழற்றுகிறார்கள். எத்தனை அனுபவம் இருந்தாலும் அந்த இடத்தில் நான் நிற்க மாட்டேன். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் திருகுக் கொக்கி இரண்டை எதிரெதிராக மாட்டி, ஒரு பக்கம் சில சுற்று, மறுபக்கம் சில சுற்று என்று ஸ்பேனரால் மெதுவாக இறுக்கினோம். மேல் இருக்கையில், அதாவது ஸ்பிரிங் முட்டி நிற்கும் தட்டில், ஸ்பிரிங் தளர்ந்து கையால் ஆட்ட வந்த பிறகுதான் நட்டைத் தொட்டோம்.

தூசி உறை கிழிந்து தொங்கியது. பம்ப் ஸ்டாப் விரல் பட்டதும் நாட்டுச் சர்க்கரை போல உதிர்ந்தது. பழைய ஸ்ட்ரட்டின் குழாய்க்குள் ஏறி இறங்கும் ராடைக் கீழே அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. புதியதை அழுத்தினால் கை வலிக்கிறது. விட்டால் தானாக மெல்ல எழுகிறது. பொருத்துவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்துச் சில முறை முழுதாக இழுத்து அழுத்தினேன். கடையில் படுத்துக் கிடந்தபோது ஆயிலுக்குள் புகுந்த காற்று அப்போது மேலேறிவிடும். பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் தரையில் நிறுத்திப் பார்த்தால் வலப்பக்கத்தது கட்டைவிரல் அகலம் குட்டை. அதன் கடைசிச் சுற்றில், ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே மண் சேரும் இடத்தில், பெயிண்ட் உரிந்து துரு குழி பறித்திருந்தது. சுருள் ஸ்பிரிங் ஒடிந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஒடியும்.

திரும்பப் பூட்டும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. ஸ்பிரிங்கின் கீழ் நுனி இருக்கையில் உள்ள படியில் முட்டி உட்கார வேண்டும். உச்சி நட்டை இறுக்கும்போது ராடு சுற்றுகிறது என்று அதைக் குறடால் பிடிக்கக் கூடாது. பளபளப்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அது ஏறி இறங்கும்போதெல்லாம் சீலை அறுத்து, புது ஸ்ட்ரட்டையே ஒழுகவைத்துவிடும்.

பின்பக்கம் பெரிய வேலை இல்லை. ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அச்சுக்கு ஜாக்கி கொடுத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாமல் இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடுகிறது. கீழ் போல்ட்டைக் கடைசியாக இறுக்கியது வண்டியைச் சக்கரத்தில் நிறுத்திய பிறகு. தொங்கும் நிலையில் இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட் பார்த்துவிட்டு, காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இதைவிடக் கறாரான பரீட்சை இந்தப் பக்கம் கிடையாது. வளைவில் வண்டி ஒரு முறை சாய்ந்து அப்படியே நிற்கிறது. முன்பு சாய்ந்து, யோசித்து, இன்னும் கொஞ்சம் சாயும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. சேந்தமங்கலம் சாலையின் சின்னச் சின்னப் பள்ளங்களில் மட்டும் பழையதைவிடக் கொஞ்சம் விறைப்பு. பின்சீட்டில் அம்மா அதைத்தான் முதலில் சொன்னார். அடுத்த வாரங்களில் ரப்பர்கள் படிந்து அது குறைந்தது. முன் உயரம் இரண்டு பக்கமும் இப்போது ஒன்றே.

மிச்சமிருப்பது இடது முன்பக்கம் மெதுவாகப் பள்ளத்தில் இறங்கும்போது வரும் ஒரு 'டக்'. கடப்பாரையால் நெம்பிப் பார்த்ததில் சக்கரத்தைக் கீழே பிடிக்கும் ஆர்மின் பின் ரப்பர் புஷ் வெடித்திருப்பது தெரிந்தது. பழைய ஷாக்கின் களேபரத்தில் அந்தச் சத்தம் காதில் விழாமலேயே இருந்திருக்கிறது. இரண்டு ஆர்மும் சொல்லி வைத்திருக்கிறேன். மாற்றிய பிறகு அலைன்மெண்ட்டுக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டும்.