தடைக்காலத்தில் சேசிஸ் வேலை

2025 ஏப்ரல் 16

நேற்றிலிருந்து விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தூத்துக்குடி துறைமுகத்து லோடு அதுவரை இல்லை. உவரியிலும் கூத்தங்குழியிலும் நாட்டுப்படகில் வரும் மீனை ஏற்றிவர மைத்துனரின் சின்ன வண்டியே போதும். மீன் ஏற்றும் என் பிக்கப்புக்கு ஓய்வு, எனக்குத்தான் வேலை. ஜூலையில் எப்.சி. வருகிறது. வண்டி எட்டு வயதைத் தாண்டிவிட்டதால் இனி ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். ஆய்வாளர் குனிந்து பார்ப்பதற்கு முன்னால் நான் மல்லாந்து படுத்துப் பார்த்துவிடலாம் என்று வண்டிக்கு அடியில் போனேன்.

மேலோட்டமாகப் பார்த்தால், வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸ் கறுப்பாகத்தான் இருக்கிறது. தீபாவளிக்கு அடித்த பெயிண்ட். அந்தக் கறுப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. பின்பக்க ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்துக்கு மேலே, தளத்திலிருந்து மீன் தண்ணீர் ஒழுகிய தடம் கோடு போட்டதுபோல் தெரிகிறது. அந்தக் கோடு நெடுக பெயிண்ட் கொப்புளித்திருக்கிறது.

மீன் வண்டி என்றதும் எல்லோரும் நாற்றத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். நாற்றம் கழுவினால் போய்விடும். மீன் தண்ணீரின் உப்புதான் தங்கித் துருவாகிறது.

2025 ஏப்ரல் 18

புனித வெள்ளி. கடற்கரை ஊர்களில் வலை இறங்காத நாள், தொலைபேசியும் அடிக்கவில்லை. சுத்தியலும் பழைய ஸ்குரூடிரைவரும் எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் புகுந்தேன்.

நல்ல இரும்பைத் தட்டினால் கணீரென்று கேட்கும். அரித்து மெலிந்த இடம் சத்தம் எழுப்பாமல் அடியை வாங்கிக்கொள்ளும். என்ஜினுக்குக் கீழே எல்லாம் கணீர்தான். எண்ணெய்க் கசிவு பல ஆண்டுகளாகப் படிந்து செய்த உபகாரம் அது. கேபினைத் தாண்டியதும் சத்தம் மாறியது. இந்த வண்டியின் சேசிஸில் முன்பாதி நான்கு பக்கமும் மூடிய பெட்டி. பின்பாதி ஒரு பக்கம் திறந்த சேனல். சேனலில் துரு கண்ணுக்குத் தெரியும், கை போகும், பிரஷ் போகும். பெட்டிதான் ஆபத்து. உள்ளே புகுந்த தண்ணீர் இறங்கிப் போக அடியில் சிறு துளைகள் இருக்கின்றன. இடப்பக்கத்துத் துளைகள் அடைத்துக் கிடந்தன. ஸ்குரூடிரைவரால் குத்தியதும் சிவந்த சேறு முழங்கை வரை வழிந்தது.

அதில் எவ்வளவு துரு, எவ்வளவு மண் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டு வழியே ஓடிய வண்டி இது. தேரி மணலின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான், மணல் துகளின் மேல் படலமாக ஒட்டியிருக்கிறது. கிண்ணத்துத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன். மணல் நறநறவென்று அடியில் தங்கியது. கூடவே, விரலில் அழுத்தினால் ஒடிகிற செதில் செதிலான தகடுகள். அவை தேரியிலிருந்து வந்தவை அல்ல.

குறுக்குச் சட்டம் வந்து சேரும் இடத்தில் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அங்கே மேல் தகடு உப்பியிருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காத இடுக்கில் தகட்டையே நெம்பித் தள்ளும்.

2025 ஏப்ரல் 21

பட்டறையில் மூன்று பேர், மூன்று மருந்து.

வெல்டர் அண்ணாச்சி பழைய என்ஜின் ஆயில் கட்சி. "எங்கள் அப்பா காலத்திலிருந்து அதைத்தான் அடிக்கிறோம் அண்ணாச்சி, எந்த டிப்பர் உடைந்து விழுந்தது?" என்றார். அவர் சொல்வதில் பாதி உண்மை. எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை தண்ணீர் இரும்பைத் தொடாது. ஆனால் ஓடித் தீர்ந்த ஆயிலில் எரிபொருள் எரிந்த அமிலமும் உலோகத் தூளும் கலந்திருக்கின்றன. ரப்பர் புஷ்களை அது ஊதவைக்கும். தெருப் புழுதியை எல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். மீதி சொட்டுச் சொட்டாக என் வாசல் மண்ணில் இறங்கும். வாசலிலிருந்து நாலு எட்டில் கிணறு.

பெயிண்டர் தம்பிக்கு 'ரப்பர் கோட்டிங்' மேல் ஆசை. தார் போன்ற கெட்டிப் பூச்சு. புது வண்டிக்கு அடித்தால் குறை சொல்ல மாட்டேன். துரு பிடித்த சேசிஸின் மேல் அடித்தால் துருவுக்குக் கூரை போட்டுக் கொடுத்ததுதான். ஓரிடத்தில் கல் பட்டுக் கீறினால் போதும், தண்ணீர் பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். வெயிலும் காற்றும் அங்கே எட்டா. வெளியே பளபளவென்று இருக்கும். தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாமவர் ரெட் ஆக்சைடு மட்டும் போதும் என்றார். வீட்டு கேட்டுக்கே அது போதாது. ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு. தனியாக விட்டால் ஈரம் உள்ளே நுழையும். மேலே ஒரு பூச்சு கட்டாயம்.

மூவருமே எதைப் பூசுவது என்றுதான் பேசினார்கள். உப்பை எப்படி வெளியேற்றுவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

2025 ஏப்ரல் 23

கனடாவில் இருக்கும் அத்தை மகன் இரவு பேசினான். அவனும் பிக்கப் வைத்திருக்கிறான். அங்கே பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புக் குழம்பு சக்கரம் தெறித்துச் சேசிஸில் ஏறுகிறது. "ஒவ்வோர் ஆண்டும் குளிருக்கு முன்னால் ஆட்டு ரோமத்துக் கொழுப்பில் செய்த எண்ணெயை அடியில் அடிக்கிறேன் அத்தான். வண்டி தப்பிப்பது அதனால்தான்" என்றான். லானோலின் என்று பெயராம். காய்ந்து கெட்டியாகாமல் பிசுபிசுவென்றே இருப்பதால், கீறல் விழுந்தாலும் தானே நகர்ந்து மூடிக்கொள்ளுமாம்.

அவனுக்குப் பனியில் உப்பு, எனக்கு மீன் ஐஸில் உப்பு. அவன் ஊரில் அது குளிர்காலத்தோடு போய்விடும். எனக்குத் தடைக்காலம் நீங்கலாக ஆண்டெல்லாம். இன்னொரு வேறுபாடும் உண்டு. வெறும் சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி வந்தால்தான் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கார்த்திகையில் கல்லுப்பு ஜாடி வியர்ப்பதற்கும் அதுதான் காரணம். ஆகவே மீன் தண்ணீர் பட்ட சேசிஸ் நம் கண்ணுக்குக் காய்ந்தது போலத் தெரியும் நாளிலும் உள்ளுக்குள் ஈரம்தான்.

2025 ஏப்ரல் 26

கழுவ வேண்டும் என்பது சரி, எந்தத் தண்ணீரில்? கடற்கரையில் மீன் ஏற்றும் இடத்திலேயே ஆழ்குழாய்த் தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டு, சுத்தம் என்று வருகிறார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை, அதாவது டிடிஎஸ் பார்க்கும் பேனாவை அந்தத் தண்ணீரில் வைத்தேன். 3,000-ஐத் தாண்டி நின்றது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. கடல் நீர் ஏறக்குறைய 35,000. கடல் உப்பைக் கழுவ அந்தத் தண்ணீர் பரவாயில்லைதான், ஆனால் கடைசி நீராக அது காய்ந்தால் தன் உப்பை அங்கேயே விட்டுப் போகும்.

தாமிரபரணியில் இறக்கிவிடலாமே என்றார் ஒருவர். ஆற்றில் வண்டி கழுவுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. சேரன்மகாதேவி சாலையில் கிணற்று நீரில் கழுவும் வாட்டர் சர்வீஸ் ஒன்று இருக்கிறது. பேனா 400-ஐ ஒட்டிக் காட்டியது. அங்கேதான்.

2025 மே 5

கத்திரி நேற்றுத் தொடங்கியது. ஊரே வெயிலைத் திட்டுகிறது. நான் காத்திருந்ததே இதற்குத்தான்.

தளத்தைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை ராம்பில் ஏற்றினார்கள். வெளிப்பக்கம் எல்லோரும் அடிப்பார்கள். சேசிஸ் பெட்டிக்குள் குழாயை விட்டு, முன்பக்கத் துளையில் ஊற்றி, பின்பக்கத் துளையில் தெளிவாக வரும்வரை விடச் சொன்னேன். பையன்கள் முதலில் சிரித்தார்கள். சேறும் செதிலும் கொத்தாக விழுந்ததும் அவர்களே ஆர்வமாகி அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். வயர் இணைப்புகளிலும் வீல் பேரிங்கிலும் நேராக அடிக்காதே என்று மட்டும் சத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

வண்டி வெட்டவெளியில் நிற்கிறது. பெட்டிக்குள் ஈரம் துளி இருந்தாலும் அடுத்த வேலையைத் தொடக்கூடாது.

2025 மே 9

வெல்டிங். மெலிந்த இடத்தை வெட்டியெடுத்துத் தகடு வைக்க வேண்டும் என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார். மேலேயே ஒட்டுப் போடுகிற ஆள் இல்லை அவர். ஆயில் விஷயத்தில் சண்டை போட்டாலும் நான் அவரிடமே போவது இதனால்தான். பாட்டரி இணைப்பைக் கழற்றினோம். தகட்டைச் சதுரமாக வெட்டாமல் இரு முனையும் சாய்வாகக் குறுகும்படி வெட்டினார். சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் ஓடினால் பாரம் ஏறும்போது அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடக்கூடாது என்பதும் அவர் பாடம்.

துருவைத் தடுக்கும் மெழுகுப் பூச்சான வாக்ஸ், எண்ணெய் எல்லாம் வெல்டிங்குக்குப் பிறகுதான். முன்னால் அடித்தால் சூட்டில் எரிந்துபோகும், சில நேரம் ஆளையும் சேர்த்து.

2025 மே 14

கம்பி பிரஷ், கிரைண்டர், உப்புத்தாள். தோள்பட்டை இறங்கிவிட்டது. உதிர்கிற துருவெல்லாம் போய், குழிக்குள் இறுகப் பிடித்திருக்கும் துரு மட்டும் மிச்சம். அதன் மேல், துருவைக் கெட்டிப் படலமாக மாற்றும் கன்வெர்ட்டர் தடவினேன். பாஸ்பாரிக் அமிலமும் டானிக் அமிலமும் உள்ள திரவம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. கொஞ்ச நேரத்தில் துருவின் சிவப்பு போய் நீலம் கலந்த கறுப்பாக மாறியது.

பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "கடுக்காய்த் தண்ணீரில் ஆணி போட்டால் இப்படித்தான் கறுக்கும்" என்றார். சரியாகச் சொன்னார். கடுக்காயில் இருப்பதும் டானின்தான். இரும்போடு சேர்ந்தால் கறுப்பு மை. அந்தக் காலத்து மையும் சாயமும் இந்த வழியில் வந்தவை. அதற்காகச் சேசிஸுக்குக் கடுக்காய் அரைத்துப் பூச நான் தயாரில்லை.

2025 மே 20

இரண்டு கலவை எபாக்ஸி பிரைமர், காய்ந்த பிறகு சேசிஸ் பிளாக் என்னும் கறுப்பு பெயிண்ட். சொல்ல ஒன்றுமில்லை. கோடை மழை ஒருமுறை மிரட்டிவிட்டுப் போனது.

2025 மே 25

பெட்டிக்குள் வாக்ஸ். நுனியில் சுற்றிலும் துளைகள் உள்ள நீண்ட குழாயை உள்ளே கடைசிவரை தள்ளி, அடித்துக்கொண்டே மெல்ல வெளியே இழுக்க வேண்டும். துளைகளில் சொட்டத் தொடங்கினால் உள்ளே போதுமான அளவு சேர்ந்துவிட்டது என்று பொருள். சொட்டி முடிந்ததும் அந்தத் துளைகளைக் கம்பியால் மறுபடி திறந்துவிட்டேன். வாக்ஸே அடைத்துக்கொண்டால் பட்ட பாடெல்லாம் வீண். பிரேக், சைலன்சர், ரப்பர் புஷ் மூன்றுக்கும் துணி சுற்றியிருந்தேன்.

2025 ஜூன் 4

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இன்றைய வேலைதான் பெரிது. தளத்தில் நாலு பக்கமும் விளிம்பு மடித்த தட்டு ஒன்று; பின் மூலையை நோக்கி லேசான சாய்வு; அந்த மூலையில் குழாய்; குழாய்க்குக் கீழே மூடி போட்ட கேன். ஐஸ் உருகிய தண்ணீர் சேசிஸைத் தொடாமலே கேனுக்குப் போய்விடும். நெய்ச்சாளை லோடுதான் அதிகம் ஒழுகும், அதற்குக் கேன் பெரிதாகவே வைத்தேன். எவ்வளவு பூசினாலும் மேலிருந்து தினமும் உப்புத் தண்ணீர் கொட்டினால் பூச்சு தோற்கும். கொட்டாவிட்டால் சுமாரான பூச்சும் நிற்கும்.

2025 ஜூன் 11

உவரியில் ஒரு படகுக்காரர், வெளிப்பொருத்து எஞ்சினில் இருப்பதுபோல் துத்தநாகக் கட்டி ஒன்றைச் சேசிஸில் திருகிவிடச் சொன்னார். எஞ்சினில் அது வேலை செய்கிறது. இரும்பும் அலுமினியமும் அரிக்கப்படுவதற்கு முன் துத்தநாகம் தன்னைக் கொடுக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே கடல் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். காற்றில் ஓடும் வண்டியில் அந்தத் தொடர்பு இல்லை, கட்டியை ஒட்டிய இடத்துக்கு மேல் அதனால் பயன் கிடையாது. பேட்டரியில் மாட்டினால் துருவே வராது என்று விற்கும் மின்கருவிகளுக்கும் இதே பதில்தான். படகுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. மீன் விலையில் மட்டும் ஒப்புக்கொண்டோம்.

2025 ஜூன் 17

தடை முடிந்து முதல் தூத்துக்குடி லோடு. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் இறக்கும்போது கேன் முக்கால்வாசி நிறைந்திருந்தது. இறக்கும் பையன் அதை அப்படியே சாலையில் சாய்க்கப் போனான். தடுத்துச் சாக்கடையில் ஊற்ற வைத்தேன். "இத்தனை நாள் வழியெல்லாம் ஒழுகியதுதானே அண்ணாச்சி" என்றான். அது என் சேசிஸ் வழியாக ஒழுகியது என்றேன். வாரம் ஒருமுறை சேரன்மகாதேவி சாலைக் கிணற்று நீரில் அடிக்கழுவல், ஐப்பசி மழைக்கு முன்னால் வாக்ஸ் இன்னொரு முறை. செலவுக் கணக்கில் எழுதிவிட்டேன்.