ஏன் 1789?

எங்கள் காலத்தில் வரலாற்றுப் பாடம் என்றால், ஆசிரியர் சொல்லச் சொல்லக் கொப்பியில் குறிப்பெழுதி, அதை மனனம் செய்து பரீட்சையில் அப்படியே இறக்கிவைப்பதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் சாதாரண தர வகுப்பில் எங்களுக்குக் கற்பித்த ரீச்சர், பிரெஞ்சுப் புரட்சிக்கு வந்தபோது மட்டும் அந்த வழக்கத்தை ஒதுக்கிவைத்தார். அரசியல், சமூக, பொருளாதாரக் காரணங்கள் என்று மூன்று தலைப்புப் போட்டு ஒரு பாடவேளையில் முடித்திருக்கக்கூடிய விடயத்துக்கு, ‘முன்னைய அரசர்கள் காலத்தில் வராத புரட்சி 1789இல் ஏன் வந்தது?’ என்ற ஒரேயொரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வாங்குக்கு ஒன்றாக றோனியோ செய்த தாள்களைக் கொடுத்தார்.

எங்கள் வாங்குக்குக் கிடைத்தது பாண் விலை. பாரிஸில் வழக்கமாக எட்டு, ஒன்பது சூ (அக்காலப் பிரெஞ்சுச் சிறுநாணயம்) விற்ற நான்கு இறாத்தல் பாண் 1789இன் தொடக்கத்தில் பதினான்கரைச் சூவாக ஏறியிருந்தது. கூலியாளின் நாட்சம்பளமோ இருபதிலிருந்து முப்பது சூ வரைதான். பிள்ளைகுட்டி உள்ள வீட்டுக்கு நாளுக்கு இரண்டு பாண் வேண்டும் என்று வைத்துக் கணக்குப் பார்த்தபோது, சம்பளம் முழுவதும் பாணுக்கே போய்விடும் என்பது தெரிந்தது. எழுபதுகளில் அதிகாலையில் எழுந்து பாணுக்கு வரிசையில் நின்ற நினைவு எங்களில் பலருக்கும் இருந்ததால், பசிதான் காரணம் என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். ரீச்சர் மறுக்கவில்லை, 1709இன் கடுங்குளிரிலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் பிரான்சில் பல இலட்சம் பேர் மாண்டும் பதினான்காம் லூயியின் ஆட்சி அசையவில்லையே, அது எப்படி என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாங்கின் தாள் என் மனதில் இன்னும் அழுத்தமாக இருக்கிறது. ஆர்தர் யங் என்ற ஆங்கிலேயர் பிரான்சில் பயணம் செய்தபோது, 1789 ஜூலை 12ஆம் நாள், அதாவது பாரிஸ் மக்கள் பஸ்தீய் சிறையைக் கைப்பற்றிப் புரட்சி வெடிப்பதற்கு இரண்டு நாள் முன்னர், எழுதிய நாட்குறிப்பிலிருந்து ரீச்சர் தாமே தமிழாக்கித் தந்த பகுதி அது. குதிரைக்கு இளைப்புக் கொடுப்பதற்காக மலைப்பாதையில் நடந்து ஏறிய அவருடன் ஓர் ஏழைப் பெண் கதைத்துக்கொண்டு வருகிறாள். கணவனுக்குச் சிறு துண்டு நிலம், ஒரு பசு, ஒரு நோஞ்சான் குதிரை. பிள்ளைகள் ஏழு பேர். ஒரு பிரபுவுக்குக் கோதுமையும் மூன்று கோழியும், இன்னொரு பிரபுவுக்கு ஓட்ஸும் ஒரு கோழியும் ஒரு சூவும் கொடுக்கவேண்டும். அதற்கு மேல் அரசனின் வரிகள். பார்த்தால் அறுபது, எழுபது வயது மதிக்கத்தக்க அவளுக்கு உண்மையில் இருபத்தெட்டு வயதுதான். ஏழைகளுக்காகப் பெரிய ஆட்கள் ஏதோ செய்யப்போகிறார்களாம், யார், எப்படி என்பது தனக்குத் தெரியாது என்கிறாள்.

வாசித்தவர்கள் எல்லோரும் கோழிக் கணக்கிலேயே நின்றுவிட, ‘இவளுக்கு இந்த நம்பிக்கையை யார் கொடுத்தது?’ என்று ரீச்சர் கேட்டார். விடை மூன்றாவது வாங்கில் இருந்தது. அந்த வசந்த காலத்தில் அரசனே ஊர் ஊராகக் குறைகளை எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தான். தானாக மனமிரங்கி அல்ல. அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் பணத்தை இறைத்ததில் ஏறிய கடனுக்கு, 1788இல் அரச செலவில் ஏறத்தாழப் பாதி போய்க்கொண்டிருந்தது. பிரபுக்களும் குருமாரும் உட்பட எல்லோரும் நிலவரி கட்டவேண்டும் என்று நிதி அமைச்சர் கலோன் 1787இல் கொண்டுவந்த திட்டத்துக்கு, பெரும்பாலும் பிரபுக்களைக் கொண்ட பிரமுகர் சபை இணங்கவில்லை. ஆகவே குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பாரின் பிரதிநிதிகள் கூடும், 1614க்குப் பிறகு கூடாத மூவகுப்புப் பேரவையைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. பசி பழையது, பிரபுவின் கோழியும் பழையது, குறையைச் சொல்லலாம் என்ற அழைப்புத்தான் புதியது என்பதை நாங்களே தாள்களை மாற்றி மாற்றி வைத்துக் கண்டுகொண்டோம். 1788இல் ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்ததை எங்கே வைப்பது என்பதில் மட்டும் பெரிய சண்டை.

பேரவையின் வாக்குச் சிக்கலை விளக்க ரீச்சர் தாள் தரவில்லை. வகுப்பை இரண்டு சிறு குழுவாகவும் ஒரு பெருங்கூட்டமாகவும் பிரித்து, குழுவுக்கு ஒரு வாக்கு என்று சொல்லி, கிழமை முழுவதும் வகுப்பறையை யார் கூட்டுவது என்று தீர்மானிக்கச் சொன்னார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விளக்குமாறு எங்கள் கூட்டத்தின் கைக்கு வந்தது. பேரவையில் மூன்றாம் வகுப்பினரான பொதுமக்களின் பிரதிநிதிகள் தலைக்கு ஒரு வாக்குக் கேட்டுப் பிடிவாதமாக நின்றதையும், ஜூன் 17இல் தங்களையே தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டதையும் அதன்பின் எவரும் பாடமாக்கத் தேவைப்படவில்லை.

பரீட்சைக்கு வந்த வினா, வழக்கம்போல, ‘பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள் ஐந்து தருக’ என்பதே. ஐந்தும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதை முதலில் எழுதுவது என்பதில்தான் எங்களுக்கு நேரம் போயிற்று.