ஆளைப் பார்த்தால் பாய்கிற பெரிய நாய்: பயிற்சி முறை தேர்ந்தெடுக்க நாங்கள் பட்ட பாடு

நாற்பது கிலோ எடையுள்ள நாய் தெரியாத ஆளைப் பார்த்ததும் நாம் பிடித்திருக்கும் லீஷை (கழுத்துப்பட்டைக் கயிற்றை) இழுத்துக்கொண்டு பாய்கிறது என்று சொல்லிப் பாருங்கள், ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். நாங்கள் முதலில் போன பயிற்சியாளர் சொன்னது, "இவன் உங்களை மதிக்கல. யாரு தலைவன்னு காட்டணும்." எவ்வளவு தூரத்தில் ஆள் வந்தால் பாய்கிறான், ஆண்களைப் பார்த்தா குழந்தைகளைப் பார்த்தா, வீட்டுக்குள்ளும் இப்படித்தானா, கடைசியாக மருத்துவர் எப்போது பார்த்தார் என்று ஒரு கேள்வி கிடையாது. முழுப் பயிற்சிக்கும் பணத்தை முன்னதாகவே வாங்கிக்கொண்டு கழுத்தில் முள் பட்டையை மாட்டிவிட்டார். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

ஆரம்பத்தில் அது பலன் தருவது போலத்தான் தெரியும், ஆபத்தே அதுதான். ஆள் வந்தால் ஒரு சுண்டு, கழுத்தில் முள் அழுத்தும், அவன் அடங்குவான். உறுமினாலும் ஒரு சுண்டு. கொஞ்ச நாளில் உறுமுவதையே விட்டுவிட்டான், நல்ல முன்னேற்றம் என்றார் அவர். ஆனால் பாய்ச்சல் போகவில்லை. முன்பெல்லாம் உடம்பு விறைக்கும், வாயை இறுக மூடுவான், உறுமுவான், அப்புறம்தான் பாய்வான், நமக்கும் விலக நேரம் இருக்கும். இப்போது எந்த அறிகுறியும் இல்லாமல் நேரே பாய்ந்தான். அவன் பக்கமிருந்து யோசித்தால் விஷயம் எளிது: தெரியாத ஆள் வரும்போதெல்லாம் கழுத்து வலிக்கிறது. ஏற்கெனவே பயந்து கிடக்கிறவனுக்கு அந்த ஆளை வெறுக்க இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது. உறுமலைத் தண்டித்தால் எச்சரிக்கைதான் போகும், பயம் அப்படியே இருக்கும். இதைச் சொன்னபோது அவர் எடுத்தது அடுத்த ஆயுதம், ஷாக் காலர், அதாவது மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டை. வேல்ஸ் நாட்டில் 2010-லேயே தடை செய்த சாமான் அது. அன்றோடு நிறுத்திவிட்டோம், கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. முழுத்தொகையையும் முன்பணமாகக் கேட்கிறவரிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

அந்த "தலைவன்" கதைக்கு என்ன ஆதாரம் என்று பிறகு தேடிப் படித்தேன். 1947-இல் ருடால்ப் ஷென்கெல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் தொடங்குகிறது. அதைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஆய்வாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா அம்மா பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-இல் திருத்தி எழுதிவிட்டார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 2009 ஆய்வு ஒன்று இன்னும் நேரடியானது. நடத்தைப் பிரச்சினைக்காக அங்கே வந்த நாய்களில், அடித்தோ உதைத்தோ பார்த்தவற்றில் 43 சதவீதம் திருப்பி ஆக்ரோஷம் காட்டியிருக்கின்றன. மல்லாக்கப் புரட்டி அழுத்தியவற்றில் 31 சதவீதம். பெரிய நாய் வைத்திருப்பவர்கள் இந்த எண்களைக் கட்டாயம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் திரும்பினால் தாங்க மாட்டோம்.

அடுத்துப் போனது நேர் எதிரான இடம், தண்டனையே கிடையாது என்றார்கள். நிம்மதியாகத்தான் போனோம். ஆனால் அது குழு வகுப்பு. ஒரே மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு நாய்கள், எல்லாம் தெரியாத முகங்கள், அவன் மூச்சிரைத்துக்கொண்டு ஒரு ட்ரீட்டைக்கூட (பரிசாகக் கொடுக்கும் தீனித் துண்டு) வாயில் வாங்கவில்லை. போதாததற்கு, தெரியாதவர்கள் கையாலேயே ட்ரீட் கொடுக்க வைத்தால் பயம் போய்விடும் என்றார்கள். இதை யாரும் செய்யாதீர்கள்! ஆசையில் பக்கத்தில் போவான், தின்று முடித்து நிமிர்ந்தால் பயப்படுகிற ஆள் ஒரு கை தூரத்தில் நிற்பார், அப்போதுதான் கடி விழும். எங்களுக்கு நூலிழையில் தப்பியது. அடிக்காத முறை என்பதாலேயே சரியான முறை ஆகிவிடாது.

திருப்பம் வந்தது கால்நடை மருத்துவரிடம். அவன் உட்கார்ந்து எழுகிற விதத்தைப் பார்த்தே இடுப்பில் சந்தேகப்பட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், இடுப்பு மூட்டில் தேய்மானம். இத்தனை பேரிடம் காட்டியும் ஒருவரும் இதைக் கேட்கவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடத்தைப் பிரச்சினை என்று வரும் நாய்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்காவது உடம்பில் வலி இருக்கிறது என்று பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் எழுதியிருக்கிறார்கள். அதனால் பயிற்சியாளரைத் தேடும் முன் மருத்துவரிடம் போங்கள். வலிக்கு மருந்து தொடங்கியதும் பாய்வது நிற்கவில்லை, ஆனால் சீக்கிரம் தணிந்தான்.

மருத்துவர் அனுப்பிய நடத்தை நிபுணரிடம் நான் முதலில் கேட்டது ஒன்றே ஒன்று: "இவன் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்?" "தூரத்தைக் கூட்டுவேன்" என்றார். அந்தப் பதிலுக்காகவே சேர்ந்தேன். நீங்களும் இதைக் கேளுங்கள். "திருத்துவோம்" என்று மழுப்பினால் என்ன செய்து, எதை மாட்டி என்று விடாமல் கேளுங்கள்.

முறை இதுதான். ஆளைப் பார்க்கிறான், ஆனால் இன்னும் விறைக்கவில்லை, ட்ரீட் கொடுத்தால் தின்கிறான், அந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்கு அது ஒரு பெரிய மைதானத்தின் அடுத்த முனை. ஆள் கண்ணில் பட்ட பிறகுதான் ட்ரீட், ஆள் மறைந்ததும் ட்ரீட்டும் நிற்கும். வரிசை மாறக்கூடாது, முதலில் ட்ரீட்டை நீட்டினால் "ஓ, எவனோ வருகிறான்" என்று ட்ரீட்டைப் பார்த்தே பயப்படப் பழகிவிடும். தின்ன மறுத்தால் பிடிவாதம் இல்லை, நாம் மிக அருகில் நிற்கிறோம், திரும்பி நடக்க வேண்டியதுதான். ஒரு மோசமான பாய்ச்சல் நடந்தால் அடுத்த ஓரிரு நாள் வெளியில் இழுத்துப் போகாமல் வீட்டிலேயே மோப்ப விளையாட்டு, ஏனென்றால் அந்தப் படபடப்பு உடனே இறங்குவதில்லை.

சாமான்களில், நெஞ்சுப் பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ் (கழுத்தில் இல்லாமல் உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) பெரிய நாய்க்கு மிகவும் உதவும், இழுத்தால் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும். நீண்டு சுருங்கும் லீஷ் வேண்டவே வேண்டாம். மசில் (கடிக்காமல் இருக்க வாயில் மாட்டும் மூடி) வாங்கினால் கூடை மாதிரி இருப்பதை வாங்குங்கள், வாயைத் திறந்து இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும், துணியில் இறுக்கிக் கட்டுவது நடைக்கு ஆகாது. அதை வீட்டிலேயே உள்ளே ட்ரீட் வைத்துப் பொறுமையாகப் பழக்குங்கள். மசில் போட்டதில் இன்னொரு லாபம், "நாய்களுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்" என்று கையை நீட்டிக்கொண்டு வருகிறவர்கள் தாமாகவே விலகிப் போகிறார்கள்.

ஒரு நாள் சாலையின் எதிர்ப்பக்கம் குடை பிடித்த ஒருவர் வந்தார், அவனுக்குக் குடை என்றால் கூடுதல் பயம். விறைக்கப் போகிறான் என்று நான் லீஷைப் பிடித்துக்கொண்டிருக்க, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். கையில் இருந்த அத்தனை ட்ரீட்டையும் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு ஆள் வருவதுதான் இன்னும் தீரவில்லை. மணி அடிப்பதற்கு முன்பே அவனை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்தி, கடித்து மென்றுகொண்டிருக்க ஏதாவது கொடுத்துவிடுகிறோம், வந்தவர் கிளம்பும்வரை திறப்பதில்லை. பதற்றத்தைக் குறைக்கும் மருந்து தேவைப்படுமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.