நெற்றி சுருங்குகிறதா?

பினாங்கில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, "வாய் கோணிடுச்சு டாக்டர்" என்பது அடிக்கடி காதில் விழும் பேச்சு. கூட வந்தவர்கள் வாயைக் காட்டுவார்கள். நான் நெற்றியைப் பார்ப்பேன். "அங்கிள், புருவத்தை நல்லா மேலே தூக்குங்க." இரண்டு பக்கமும் சுருக்கம் விழுந்தால் குடும்பத்தாருக்கு நிம்மதி, மேலே ஒன்றும் ஆகவில்லையே என்று. எனக்கு அவசரம் தொடங்குவதே அப்போதுதான், அது பக்கவாதமாக இருக்கலாம்.

முகத்தை அசைப்பது 12 ஜோடி கபால நரம்புகளில் ஏழாவது. அதன் கரு, அதாவது அந்த நரம்பு கிளம்பும் செல் கூட்டம், மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியில் இருக்கிறது. நெற்றிக்கான கட்டளை மூளையின் இரண்டு அரைக்கோளங்களிலிருந்தும் அங்கே வந்து சேர்கிறது. வாய்ப் பக்கத்துக்கோ பெரும்பாலும் எதிர்ப்புற அரைக்கோளம் மட்டும்தான். அதனால் வலது மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் இடது கடைவாய் தொங்கும், நெற்றி தப்பித்துக்கொள்ளும்.

நரம்பே கெட்டால் நிலைமை வேறு. மூளைத்தண்டை விட்டு வெளியே வந்தபின் எல்லாக் கட்டளைக்கும் அந்த ஒரே வழிதான். பாதி முகம் மொத்தமாக நின்றுவிடும். நெற்றி மழமழவென்று கிடக்கும், கண் மூடாது, குடித்த தண்ணீர் வழியும். பெல்ஸ் பால்ஸி என்பது இதுதான். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை, மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து, இரவில் டேப். காதில் அக்கிக் கொப்புளம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பக்கவாதம் என்றால் கடிகாரம்தான் எல்லாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. எண்ணெய் போட்டு உருவிவிட்டுப் பார்ப்போம் என்று வீட்டிலேயே காலையைக் கழித்துவிட்டு வருபவர்களைக் கண்டால் மனசு பதறுகிறது. 999 அழைக்க ஒரு நிமிடம் போதுமே.

முதல் சில மணி நேரத்தில் சிடி ஸ்கேனில் அடைப்பின் பாதிப்பு ஒன்றும் தெரியாமலேயே இருக்கலாம். ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்யத்தான் அது முக்கியமாகப் பயன்படுகிறது. அதனால் கையால் செய்யும் பரிசோதனையை நான் விடுவதே இல்லை. கை கால் தளர்ந்து, சுத்தியலால் தட்டினால் முழங்கால் அசையாமலும் இருக்கலாம். அதை வைத்து மூளைக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டக்கூடாது. தட்டினால் முழங்கால் வழக்கத்தைவிட வேகமாக உதைப்பதற்கு நாளாகும். அப்புறம் உள்ளங்கால். குதிகாலிலிருந்து வெளி ஓரமாக மேலே கீறி, விரல்களுக்குக் கீழே உள்பக்கம் வளைக்க வேண்டும். கட்டைவிரல் மடங்கினால் சரி. மெதுவாக மேலே எழும்பி மற்ற விரல்கள் விரிந்தால், மூளையிலிருந்து இறங்கும் பாதை எங்கோ அடிபட்டிருக்கிறது. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 1896இல் சொன்னது இன்றும் அப்படியே செல்லும். கைக்குழந்தைகளுக்கு மட்டும் அது இயல்பு. நம் பாட்டிமார்கள், "டாக்டர் போய் என் காலைத் தொடறதா, வேண்டாம்பா" என்று காலை இழுத்துக்கொள்வார்கள். பேசிச் சமாதானப்படுத்தி, கால் தளர்ந்த பிறகு மறுபடி கீறுவேன். கூச்சத்தில் இழுப்பது வேறு, அந்தக் கட்டைவிரல் எழும்புவது வேறு.

"இடது கைதானே விழுந்தது, ஸ்கேனில் வலது பக்கம் என்கிறீர்களே, படம் மாறிவிட்டதா?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. அசைவுப் பாதையின் நார்களில் 100க்கு 85 முதல் 90 வரை மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில் எதிர்ப்பக்கம் கடக்கின்றன என்று தாளில் வரைந்தே காட்டுவேன். வரைந்தால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள்.

புதிதாக வரும் ஹவுஸ்மேன்களிடம், அதாவது பயிற்சி டாக்டர்களிடம், ஒன்றை அழுத்திச் சொல்வேன். அடைப்பு பான்ஸிலேயே இருந்தால் ஏழாவது நரம்பின் கருவே அடிபடும். நெற்றியும் சேர்ந்து போகும், அசல் பெல்ஸ் பால்ஸி மாதிரியே தெரியும். ஆனால் ஆறாவது நரம்பு அதை ஒட்டியே இருப்பதால், அந்தப் பக்கக் கண் வெளியே திரும்பாமல் போகலாம். எதிர்ப்புறக் கை காலில் பலம் குறையலாம். அதனால் நெற்றி சுருங்காதவரையும், கண்ணைத் திருப்பச் சொல்லி, கையை நீட்டச் சொல்லி, எழுந்து நடக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் மாத்திரை எழுதச் சொல்கிறேன்.