பொம்மியும் பக் இனமும்: நாட்குறிப்பு

ஏப்ரல் 3

எங்கள் பக் நாய் பொம்மியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்றுதான். பக் நாயின் மண்டை ஓடு குட்டை. ஆனால் மென் அண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்கம் இருக்கும் மெத்தென்ற சதை, அதற்கேற்பச் சுருங்கவில்லை. மிஞ்சிய சதை தொண்டைப் பக்கம் இறங்கி மூச்சுப் பாதையை மறிக்கிறது. மூக்குத் துவாரமும் குறுகல். குறட்டையும் கரகரப்பும் இதனால்தான் வருகின்றன. அதை வேடிக்கை என்று வீடியோ எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பல சமயம் அது காற்றுக்காகப் போராடும் சத்தம்.

ஏப்ரல் 5

இந்த இனத்தின் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். சீன அரண்மனைகளில் செல்லமாக வளர்ந்த நாய் இது. டச்சு வணிகர்கள் வழியாக நெதர்லாந்துக்குப் போய், அங்கே ஆரஞ்சு என்ற பெயருடைய அரச குடும்பத்துக்குப் பிரியமானது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மூன்றாம் வில்லியம் 1689-ல் இங்கிலாந்தின் அரசரானார். அவர் காலத்தில் பக் அங்கேயும் பரவியது.

என்னை நிறுத்தியது ஒரு படம். ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745-ல் முடித்த தன்னுருவ ஓவியத்தில் அவருடைய பக் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மூக்கு தெளிவாக நீண்டிருக்கிறது! அப்படியானால் இந்தத் தட்டை முகம் இயற்கை தந்ததல்ல. அழகு என்று சொல்லிச் சொல்லி, தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் தேர்ந்தெடுத்தது.

ஏப்ரல் 9

வெயில் ஏறிவிட்டது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். பக்குக்கு அந்த வழியே பாதி அடைபட்டிருக்கிறது. அதனால் விடிகாலையில் மட்டும் நடை. கழுத்துப் பட்டை தொண்டையை அழுத்தும் என்பதால் மார்போடு மாட்டும் ஹார்னஸ்தான். நாக்கோ ஈறோ நீலம் பாய்ந்தாலும், நடை தள்ளாடினாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். இதில் காத்திருந்து பார்க்கிற பேச்சே கிடையாது.

ஏப்ரல் 10

முடி, முடி, எங்கும் முடி. குட்டை முடிதானே, கொட்டாது என்று நம்பி யாரும் பக் வாங்க வேண்டாம்.

ஏப்ரல் 14

முகத்து மடிப்புகளைத் துடைத்தேன். ஈரம் தங்கினால் தோல் வெந்து நாற்றம் எடுக்கும், ஈரத்துணியால் துடைத்தபின் உலர்த்துவதும் அவசியம். கண்ணும் அப்படித்தான். வெளியே துருத்தியிருப்பதால் ஒரு செடியின் நுனி பட்டாலே கருவிழியில் புண் வந்துவிடும். பொம்மி இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்ததால் மருத்துவரிடம் காட்டினோம். நல்லவேளை, புண் இல்லை.

ஏப்ரல் 18

எடை பார்த்தார்கள், ஏழரை கிலோ. பக்குக்கு ஆறிலிருந்து எட்டு கிலோவுக்குள் இருப்பது நல்லது. சோற்றுத் தட்டு எங்கே சத்தம் போட்டாலும் வந்து நிற்கிற ஜாதி இது! அந்தக் கண்ணைப் பார்த்து இளகினால் கொழுப்பு ஏறி மூச்சு இன்னும் சிரமமாகும்.

ஏப்ரல் 21

தங்கைக்கும் ஒரு பக் வேண்டுமாம். ஆசை புரிகிறது. இவ்வளவு ஒட்டிக்கொள்கிற, குழந்தைகளோடு இவ்வளவு பொறுமையாக இருக்கிற நாய் அபூர்வம். ஆனால் பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2022-ல் வெளியிட்ட ஆய்வு, உடல்நலத்தைப் பொறுத்தவரை பக்கை இனி வழக்கமான நாயாகவே கருத முடியாது என்கிறது. அதையும் அவளிடம் சொன்னேன். ஆதரவில்லாமல் விடப்பட்ட பக் கிடைக்கிறதா என்று முதலில் தேடு, குட்டிதான் வேண்டுமென்றால் தாயையும் தகப்பனையும் சற்று ஓடவிட்டு மூச்சைக் கேள், மூக்குத் துவாரம் திறந்திருக்கிறதா பார் என்றேன். சரி என்றிருக்கிறாள். குட்டி பார்க்கப் போகும்போது நானும் கூடப் போகிறேன்.